பிரேக் மாஸ்டர் வீட்டுக் கொழுப்பு

கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில். இன்னொன்று பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டரின் காலடியில். நம் ஆள் பாதி ஆயுளை அந்த இரண்டாவது பிரேக்கில் கால் வைத்தே ஓட்டியவர். அதனால் எல்லோரும் அவரை பிரேக் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மனிதர் வண்டியை விட்டு இறங்கியதும் காலை எடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. வீட்டுக்கு வந்தும் அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பார்த்து மிதித்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் அடிச்ச கூத்து இருக்கே!" என்று இன்றைக்கு அவரே தலையில் அடித்துக்கொண்டுதான் இந்தக் கதையைச் சொல்கிறார். ஆகவே நாம் சிரித்தால் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் ஒரு பல் டாக்டரின் வரவேற்பறையில் ஆரம்பித்தது. முறை வரும்வரை பொழுது போகாமல் ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டியவர், மாட்டுக்கறியில் இருக்கும் கொழுப்பு ரத்தக்குழாயை என்ன பாடு படுத்தும் என்று ஒரு கட்டுரையைப் படித்தார். அடுத்த பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள். அதனால் என்ன? அந்த அரைக் கட்டுரையை வைத்துக்கொண்டு அவர் முழு டாக்டர் ஆகிவிட்டார். கற்றுக்கொள்ள வந்தவர்கள் பாவம், ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்க்க உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பு விளக்கு விழுந்தால் போதும், இவர் ஆரம்பித்துவிடுவார். "எங்க வீட்ல கொழுப்புங்கிற பேச்சே கிடையாது. என் சம்சாரம் உருளைக்கிழங்கு செய்வா பாருங்க, ஒரு சொட்டு எண்ணெய் விடமாட்டா, அப்படி மொறுமொறுன்னு வரும்!" பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்கும்வரை இது நடக்கும்.

சனிக்கிழமை காலையில் கறிக்கடைக்கு அவர்தான் போவார். மாட்டுக்கறியை எடை போட்ட பிறகு ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல் தெரிந்தாலும் விடமாட்டார். "அதையும் எடுப்பா. இதோ, இங்கே இன்னும் கொஞ்சம்." கறிக்கடைக்காரர் பொறுமைசாலி. "மாஸ்டர், ருசியே இதுலதான் இருக்கு" என்பார். "ருசி நாக்குக்கு. நான் இதயத்துக்கு வாங்குறேன்" என்பார் இவர், பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி. வெட்டி எடுத்த கொழுப்பெல்லாம் மேஜைக்கடியில் இருந்த தட்டில் விழும். அது அப்புறம் எங்கே போகிறது என்று அவர் யோசித்ததில்லை.

மனைவி ஒரு பெரிய மருந்துக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தாள். அதிகம் பேசமாட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டால் "எதுனாலும் சரி" என்பாள். அதைத் தனக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டார் மனிதர்.

அவளுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்தாள். உயிர் பிழைத்து வந்ததே பெரிய விஷயம். ஆனால் வீடு வந்தவளுக்குப் பசி கூடவே வரவில்லை. கையில் கட்டிய கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. மறுபடி காட்டப் போனபோது பார்த்த ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் சின்னப் பெண்தான், ஆனால் கறாரான பெண். "அடுத்த தடவை வரும்போது எடை ஏறலைன்னா மறுபடியும் அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே சில நாள் அந்தக் குழாயோடு கிடந்தவள் மனைவி. திரும்பி வரும் வழியில் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என்ன வேணா செய்யுங்க. அந்தக் குழாய் மட்டும் வேணாங்க" என்றாள். அவ்வளவு நீளமாக அவள் எதையும் கேட்டு அவருக்கு நினைவில்லை.

மாஸ்டர் காலை வகுப்புகளை நிறுத்திவிட்டுச் சமையலறையில் இறங்கினார். கொழுப்பு நீக்கிய கறியை உப்புத் தண்ணீரில் அவித்தார். கேரட்டை அவித்தார். அவிக்க முடிந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "கண்ணை மூடிக்கிட்டு முழுங்கிடு, உடம்புக்கு நல்லது" என்று பிரசங்கம் செய்தார். அவள் கண்ணை மூடினாள், தூங்கிப்போனாள். குளியலறையில் இருந்த எடைக் கருவியில் முள் மேலே போவதற்குப் பதில் கீழே வந்தது. உடனே ஆலோசகருக்கு போன் போட்டார்.

"என்ன சார் கொடுக்கறீங்க?"

பெருமையாகச் சொன்னார்.

"சார், இது உடம்பைக் குறைக்கிறவங்க சாப்பாடு. அவங்களுக்குக் கொழுப்பு வேணும். வெண்ணெய், எண்ணெய், கறியோட இருக்கிற கொழுப்பு, எது அவங்களுக்குப் பிடிக்குமோ அது. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. தேறின பிறகு அளவைக் குறைச்சுக்கலாம்."

"கொழுப்பா? மாட்டுக் கொழுப்பா?"

"சாப்பிடப் போறது நீங்க இல்ல சார், அவங்க."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் போய் நின்றார். எவன் கிளட்சை எப்போது விடுவான் என்று அவன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனிதர், பெண்டாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தார். "உனக்கு எது பிடிக்கும்?" என்று கேட்டார். "எதுனாலும் சரி" என்றாள் அவள்.

கறிக்கடையில் அன்று நல்ல கூட்டம். மாஸ்டர் குனிந்து, கடைக்காரர் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "கொழுப்பு வேணும்பா" என்றார். கடைக்காரரின் கத்தி அப்படியே நின்றது. "என்னது?" என்றார் சத்தமாக. "கொழுப்பு." வரிசையில் இருந்த ஒருவர் சும்மா இருக்காமல், "மாஸ்டருக்கு ஏற்கெனவே அது நிறையத்தானே இருக்கு?" என்று கேட்டார். கடையே சிரித்தது. மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை.

கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "அக்காவுக்கா? நல்லாருக்காங்களா? ஆளையே காணோமேன்னு நானும் நினைச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"அவ எப்ப இங்க வந்தா?"

"வாராவாரம் சாயங்காலம் வேலை விட்டுப் போற வழியில வருவாங்களே மாஸ்டர். நீங்க வெட்டச் சொன்ன கொழுப்பை வாங்கிட்டுப் போக. காசு நீங்க கொடுத்தாச்சு, அப்புறம் அது உங்க பொருள்தானே? அக்கா சும்மா வாங்கிட்டும் போகமாட்டாங்க. கிட்னியைச் சுத்தி இருக்கிற கொழுப்பு இருந்தா அதையும் கேட்பாங்க. விரலால நசுக்கிப் பார்ப்பாங்க. நொறுங்கினா எடுப்பாங்க. ஜவ்வு மாதிரி இழுத்தா வேணாம்பாங்க. மோந்து பார்த்துத்தான் பையில போடுவாங்க."

மாஸ்டர் விரலை நீட்டி, தட்டில் இருந்த கொழுப்பை நசுக்கிப் பார்த்தார். இழுத்தது. இன்னொன்றை நசுக்கினார். பொலபொலவென்று நொறுங்கியது. தன் மனைவி தனக்குத் தெரியாமல் இத்தனை காலம் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, அவள் செய்ததையே செய்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அதையும் மோந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தவர், உருக்கத் தெரியுமா என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் மாஸ்டர் ஆயிற்றே, கௌரவம் என்னாவது? பெரிய தீயில் வாணலியை வைத்து மொத்தத்தையும் கொட்டினார். சமையலறை முழுக்கப் புகை. இருமிக்கொண்டே ஜன்னலைத் திறக்கப் போனவரின் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"அடுப்பைக் குறைங்க முதல்ல! கொல்லப் பார்க்கறீங்களா?"

கட்டிலை விட்டுத் தானாக எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து வாசலில் நின்றிருந்தாள். அவர் ஓடிப்போய் ஸ்டூலை இழுத்துப் போட்டார். உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். கருகினதை எடுத்துப் போடுங்க. மிச்சத்தைப் பொடியா வெட்டுங்க. கொஞ்சம் தண்ணி விட்டுச் சின்னத் தீயில வைங்க. கிண்டிக்கிட்டே இருக்காதீங்க, விடுங்க. மாஸ்டர் சொன்னதைச் செய்தார். அவர் வகுப்பில் இவ்வளவு அடக்கமான மாணவன் ஒருத்தன் இருந்ததில்லை.

கொழுப்பு தெளிவாக உருகி வந்ததும், "எதுல ஊத்துறது?" என்றார். அவள் கீழ் அலமாரியில் இருந்த ஒரு கண்ணாடி ஜாடியைக் காட்டினாள்.

"அது கால் வெடிப்பு மருந்து ஜாடியாச்சே!"

"நீங்கதான் அப்படி நினைச்சீங்க. நான் ஆமான்னேன்."

மாஸ்டர் தன் குதிகாலைக் குனிந்து பார்த்தார். வருஷக்கணக்காக ராத்திரி படுக்கும்முன் பயபக்தியோடு தடவிய மருந்து. தெரிந்தவர்களுக்கெல்லாம் வேறு சிபாரிசு செய்திருந்தார். "அப்ப அந்த உருளைக்கிழங்கு?" என்று ஈனக் குரலில் கேட்டார்.

"ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லையே" என்றாள். சிரித்தாள், சிரித்துச் சிரித்து இருமினாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா பேசுவீங்க. கொழுப்புகூட ஜீரணமாயிடும், உங்க பேச்சு ஜீரணமாகாது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்துச்சு. என்ன, நின்னுக்கிட்டே சாப்பிடணும். கேட் சத்தம் கேட்டா வாயைத் துடைச்சுக்கணும்."

மாஸ்டர் உருகியது போக மிஞ்சிய மொறுமொறுப்பான துண்டுகளில் உப்புத் தூவி, தட்டில் போட்டு, மேஜையில் வைத்து, அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். கேட் சத்தம் எதுவும் வரவில்லை.

இதோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் நாம்தான் ஏமாளிகள். மறுநாள் மாலை வகுப்பில் முதல் சிவப்பு விளக்கு விழுந்ததும் கொழுப்பின் அருமை பெருமைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீட்டில் உருளைக்கிழங்கில் கொழுப்பு, சோற்றில் கொழுப்பு, கஞ்சியில் கொழுப்பு. அவித்தபோது எப்படி அவித்தாரோ அப்படியே இதையும். விளைவு, அவளுக்கு வயிற்றைப் புரட்டி ஒரு நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. எடை பார்க்கப் போகிற நாள் வேறு நெருங்கிவிட்டது. "கொஞ்சம் கொஞ்சமான்னு சொன்னேனே சார்" என்று ஆலோசகர் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினாள். மாஸ்டர் குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். இந்தப் பாழாய்ப்போன வாயும் கையும் சேர்ந்து அவள் மூக்கில் அந்தக் குழாயைச் சொருகப் போகிறதே என்று பயந்து அழுதார்.

அதற்குப் பிறகு கரண்டி அவள் கையில். எவ்வளவு, எப்போது என்று அவள் சொன்னாள், அவர் செய்தார், பேசவில்லை. பேசாமல் இருப்பது கொழுப்பை உருக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது என்று அவரே சொல்கிறார்.

அந்த நாள் வந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு எடைக் கருவியில் ஏறினாள். மாஸ்டர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணைப் பார்க்கத் தைரியமில்லை. ஆலோசகர் ஒரு முறை பார்த்தாள், இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னாள். "ஏறியிருக்கே! குழாய் கிழாய் எதுவும் வேணாம். அடுத்த மாசம் வாங்க போதும்" என்றாள். பிறகு மாஸ்டரிடம் திரும்பி, "அப்படி என்னதான் சார் கொடுத்தீங்க?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய ஆளிடமா கேட்டாள்! மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். சொல்ல எவ்வளவு இருக்கிறது! சிறுநீரகக் கொழுப்பு, நெஞ்சுக் கொழுப்பு, சின்னத் தீ, நசுக்கிப் பார்க்கிற விரல்.

"இவர் ஆரம்பிச்சா முடிக்க மாட்டாரும்மா" என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. அவர் தோளில் கை வைத்தாள். "எந்திரிங்க, போலாம். எனக்குப் பசிக்குது."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் அவரிடம் சொன்னதே இல்லை. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு எழுந்தார்.