கடலுக்குள் எடுக்க ஒரு கேமரா

"யாருக்கு அக்கா, தம்பிக்கா?" என்று கேட்டார் பிரிக்ஃபீல்ட்ஸ் கேமரா கடைக்காரர். தண்ணீருக்குள் படம் எடுக்கும் கேமரா வேண்டும் என்று அப்போதுதான் சொல்லியிருந்தேன்.

"எனக்குத்தான்."

அவர் பார்வை என் இடது காலுக்கு இறங்கியது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் அந்தக் காலைச் சூம்ப வைத்துவிட்டது. தொடைவரை இரும்புப் பட்டை போட்டுத்தான் நடப்பேன். கண்ணாடி அலமாரியில் அசல் கடல் கேமரா ஒன்று இருந்தது. என் டைப்பிஸ்ட் சம்பளத்துக்கு அது எட்டாது என்பது எனக்கே தெரியும். ஆனால் அவர் விலையைக்கூடச் சொல்லவில்லை. சாதாரண கேமரா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"கரையில உக்காந்து எடுக்க இது போதும்லா."

"கரையில உக்காரப் போறேன்னு நான் சொன்னேனா அண்ணே?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. எனக்கு முப்பத்தொரு வயது. தசைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் இரண்டு வருடமாகப் பெட்டாலிங் ஜெயா நீச்சல் குளத்துக்குப் போய்வந்தேன். முதல் மாதம் தண்ணீர் குடித்தேன். பிறகு நீந்தினேன். தண்ணீருக்குள் நான் நொண்டுவதில்லை. வீட்டில் இதைச் சொன்னால் குழந்தைக்குத் தலையாட்டுவதுபோல் ஆட்டுவார்கள். அலுவலகத் தோழி பெர்ஹெந்தியான் தீவுக்குக் கூப்பிட்டதும், படமாகவே கொண்டுவந்து காட்டுவது என்று முடிவு செய்தேன்.

நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். கேமரா வாங்கப் போவதைக் கேட்டதும் அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"இந்தக் கால வச்சுக்கிட்டு கடலுக்குப் போறதே தப்பு. இதுல போட்டோ வேற. யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கப் போறேன்."

அந்தச் சனிக்கிழமை கிள்ளானுக்குப் பஸ் ஏறினேன். பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருப்பதாகத் தோழி சொல்லியிருந்தாள். அவர் என் காலைப் பார்க்கவில்லை. "எவ்வளவு ஆழம் போவீங்க?" என்றுதான் கேட்டார்.

"பத்தடிக்குள்ள, அங்கிள்."

மூன்றை எடுத்து வைத்தார். கேமராவை உள்ளே போட்டு மூடும் பிளாஸ்டிக் பை ஒன்று. ரப்பர் வளையம் வெடித்திருந்த பழைய கடல் கேமரா ஒன்று. மூன்றாவது, ஃப்ளாஷ்கூட இல்லாத மலிவான சின்னக் கேமரா. அதைச் சுற்றி உள்ளே தெரிகிற மாதிரி கெட்டியான பிளாஸ்டிக் கூடு.

"வாளியில தண்ணி கொண்டு வாங்க அங்கிள். முக்கிப் பாத்துத்தான் வாங்குவேன்."

"கடையிலயா?"

"கடல்ல முக்கிப் பாத்தா லேட்டாயிடும்."

அவர் சிரித்துக்கொண்டே வாளி எடுத்து வந்தார். வளையம் வெடித்த கேமராவை நானே ஒதுக்கிவிட்டேன். பைக்குள்ளும், கேமராவைக் கழற்றிய கூட்டுக்குள்ளும் டிஷ்யூ தாளை மடித்து வைத்து, கால்மணி நேரம் இரண்டையும் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தேன். சட்டைக் கை நனைந்தது. பையிலிருந்த தாள் ஊறிப்போயிருந்தது. கூட்டிலிருந்த தாள் மொரமொரவென்று வந்தது.

"இதுதான்" என்றேன்.

"சூரியன முதுகுப் பக்கம் வச்சுக்குங்கம்மா. ரெண்டு கை தூரத்துக்கு மேல எதையும் எடுக்காதீங்க, நீலமாத்தான் விழும்" என்று சொல்லிக் கொடுத்தார்.

தீவில் மணலில் உட்கார்ந்து இரும்புப் பட்டையைக் கழற்றினேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து அலைக்குள் போனேன். அதையும் பார்த்தார்கள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் திரும்பிப் பார்க்காமல் நீந்தினேன். நான் மீன்களை எடுத்தேன். தோழி என்னை எடுத்தாள்.

ஃபிலிமைக் கழுவி வந்தபோது பெரும்பாலான படங்கள் வெறும் நீலம். ஒன்றில் மீனின் வால் மட்டும். நான்கு நன்றாக விழுந்திருந்தன. அதில் ஒன்றில் நான் ஒரு மஞ்சள் மீனுக்குப் பக்கத்தில் பவளப்பாறையை நோக்கித் தலைகீழாக இறங்குகிறேன். சூம்பிய கால், நல்ல கால், இரண்டும் பின்னால் நீண்டு கிடக்கின்றன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன்.

அடுத்த ஞாயிறு உறவுக்கார அம்மா ஒருவர் வருவதாக இருந்தது. அண்ணன் படத்தைக் கழற்றிப் பீரோ மேல் வைத்திருந்தார்.

"வர்றவங்க கால பாப்பாங்க."

"பாக்கட்டும்." படத்தை எடுத்துவந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எக்கினேன். அண்ணி வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மறுபடி மாட்டினேன்.

வந்த அம்மா காப்பியோடு படத்தருகே போய் நின்றார். "ஐயோ, இந்தக் காலோட கடலுக்குள்ளயா?"

"இந்தக் காலோடதான் ஆன்டி. வேற கால் என்கிட்ட இல்ல."

அவர் இன்னும் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். "அந்த மஞ்ச மீனு கடிக்காதா?" என்று கேட்டார். கடிக்காது என்றேன். வேறு படம் இருக்கிறதா என்று கேட்டு, மற்ற மூன்றையும் கொண்டுவரச் சொன்னார். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் படத்தைத் தொடவில்லை.