எஸ்தரக்காவின் காட்டுப்பூவரசு

சென்ற செவ்வாய்க்கிழமை, காலை ஜெபம் முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது ஆழ்வார்குறிச்சியிலிருந்து அஞ்சலட்டை வந்தது. "அக்காள் ஞாயிறு விடியற்காலை கர்த்தருக்குள் நித்திரையானார்கள். நான்கு நாள் காய்ச்சல்" என்று எஸ்தரக்காவின் தம்பி எழுதியிருந்தார். பாளையங்கோட்டையில் எங்கள் பெண்கள் பள்ளியில் பூகோளம் கற்பித்த எஸ்தர் ஞானம்மாள் இனி இல்லை. அவரிடம் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்கு ஒரு செடியைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் ஆசிரியையாகச் சேர்ந்த ஆண்டு, கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியை நடத்திய வெள்ளைக்காரத் துரைசானியம்மாவுக்குத் துணையாக எஸ்தரக்கா கோடைக்கானல் சென்றிருந்தார். அங்கே மேட்டுப் புல்வெளிகளில் ஆள் உயரப் புதர்களைக் கண்டார். ஆண்டு முழுதும் இலை உதிராதவை. இலை மேலே கரும்பச்சை, அடியில் துருநிறம். கிளை நுனியில் கொத்தாக இரத்தச் சிவப்புப் பூ. மலைவாசிகள் அதைக் காட்டுப்பூவரசு என்றார்கள். தம் நாட்டுத் தரிசு மேடுகளில் பூக்கும் ஹெதர் செடிக்கு இது உறவு என்றாராம் துரைசானியம்மா. எஸ்தரக்கா முழங்கால் உயரக் கன்றுகள் இரண்டை வேர்மண்ணோடு ஈரச்சாக்கில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

கிணற்றடியில் நட்ட கன்று நாற்பது நாளில் பட்டுப்போனது. தொட்டியில் வைத்த மற்றது மஞ்சளித்தது.

"மலைச்செடி கீழ நிக்காதுக்கா, விட்டிருங்க" என்றேன்.

"ஏன் நிக்காதுன்னுதான ஏட்டி கேக்கேன்? சூடுன்னா இலை கருகணும். இது நரம்பு மட்டும் பச்சையா நிக்கி, மத்ததெல்லாம் மஞ்சளாப் போவுது. சூடு இப்படிச் செய்யாதே."

விடை துணி வெளுக்கும் மாடசாமியிடமிருந்து வந்தது. "கெணத்துத் தண்ணியில சவுக்காரம் நுரைக்காதும்மா, திரிஞ்சு போவும். அதான் ஆத்துக்குக் கொண்டு போறேன்" என்று அவர் ஏதோ பேச்சில் சொன்னார். எஸ்தரக்கா உடனே எலுமிச்சம்பழம் கேட்டார். தோட்டத்து மண்ணில் சாற்றைப் பிழிந்தார். பொசுபொசுவென்று நுரைத்தது. மலையிலிருந்து வந்த மண்ணில் பிழிந்தார். ஒன்றும் நடக்கவில்லை. "சுண்ணாம்பு!" என்று அவர் கத்தியதில் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடிவந்தார்கள். தோட்டத்து மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் இருந்த சுண்ணாம்புதான் மலைச்செடிக்கு ஆகவில்லை.

அதன்பின் தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லு, மேலே ஆற்று மணல், நன்றாக மக்கிய இலை, மலைமண். சாம்பல் கூடாது. வேர் மயிர்போல மேலாகவே படர்வதால் கொத்தக் கூடாது. சருகால் மூடிவைக்க வேண்டும். காலை வெயில் மட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தாமிரபரணித் தண்ணீர். அது பள்ளிக்கு மாட்டுவண்டிக்காரர் ஆற்றிலிருந்து தினமும் கொண்டுவரும் குடத்தில் வந்தது. செடி பச்சை பிடித்தது.

மறு பங்குனியில் தகப்பனாருக்குச் சுகமில்லையென்று எஸ்தரக்கா ஊருக்குப் போனார். செடியை என்னிடம் ஒப்படைத்தார். வண்டிமாடு நொண்டியதால் ஆற்றுத் தண்ணீர் நின்றது. நான் கிணற்றில் இறைத்து ஊற்றினேன். அவர் திரும்பியபோது இலைகள் மஞ்சள். நான் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என் மண்ணுலதான் ஏதோ கோளாறு. பிடுங்கி, வேரை அலசி, புதுசா வைக்கணும்" என்று தொட்டியைச் சாய்த்தார். அந்த வெயிலில் வேரை அலசினால் செடி பிழைக்காது என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, பொறுங்க! நான் கெணத்துத் தண்ணி ஊத்திட்டேன்" என்று அழுதுவிட்டேன்.

கை நின்றது. "எத்தன நாள்?"

"பதினோரு நாள்."

"தினம் எவ்வளவு?"

"ரெண்டு செம்பு."

"மொத மஞ்சள் என்னைக்குத் தெரிஞ்சுது?"

திட்டுவார் என்று நின்றேன். அவர் முகமோ மலர்ந்திருந்தது. "வேணும்னு இப்படிச் செஞ்சு பாக்க எனக்குத் துணிச்சல் வந்திருக்காது, கிருபை. இப்பம் கெணத்துத் தண்ணிதான்னு சந்தேகமே இல்ல பாரு!" நோட்டில் எழுதி முடித்த பிறகுதான் என் கண்ணைத் துடைத்துவிட்டார். "ஆனா ரெண்டு நாள் மறைச்ச பாரு, அது தப்பு" என்றார்.

செடி மீண்டது. ஆனாலும் நான்கு ஆண்டு மொட்டே வைக்கவில்லை. குளிர் இல்லாத குறை என்று முடிவு கட்டினார். பிரிய மனமில்லாமல் ஒரு மழைக்காலம் முழுக்க யோசித்தார். கடைசியில் பாபநாசத்துக்கு மேலே காப்பித் தோட்டத்தில் எழுத்தராக இருந்த தம்பியிடம் கொண்டுபோய், கிழக்குச் சரிவில் தம் கையாலேயே நட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

பல ஆண்டு கழித்து, இந்தத் தை மாதம், செடி பூத்திருக்கிறது என்று தம்பி கடிதம் எழுதினார். இருவரும் போனோம். மூச்சு வாங்க நான்கு இடத்தில் உட்கார்ந்து ஏறினார். பனிமூட்டத்துக்குள் எங்கள் உயரத்தைத் தாண்டிய புதரில் ஏழு சிவப்புக் கொத்துகள். நான் ஸ்தோத்திரம் சொன்னேன். அவர் ஒரு பூவை முகர்ந்தார், இன்னொன்றை முகர்ந்தார், திரும்பினார்.

"இவ்வளவு செவப்பு, ஒரு பொட்டு வாசம் இல்லையே. ஏன் கிருபை?"

"இன்னைக்காவது சும்மா பாருங்கக்கா" என்றேன்.

அதற்குள் ஒரு தேன்சிட்டு வந்து கொத்தில் தொற்றியது. "பைய, பைய" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். சிட்டு பூவுக்குள் தலையை விட்டு எடுத்தபோது அதன் நெற்றியெல்லாம் மகரந்தப் பொடி. மணம் தேடாத சிட்டுக்கு அந்தச் சிவப்பே அழைப்பு. எஸ்தரக்கா மூச்சை அடக்கிக்கொண்டு, வாயைச் சற்றே திறந்து, ஒரு பள்ளிப்பிள்ளையைப் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

போய் வாருங்கள், அக்கா. அங்கேயும் கேட்பதற்கு நிறைய இருக்கும்.