கடைசிச் சரணம் ஒரு கட்டை மேலே

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில் கிறிஸ்மஸ் காலை ஆராதனையின் முடிவுப் பாட்டில், கடைசிச் சரணத்துக்கு முன்னால் ஆர்மோனியம் ஒரு மூச்சு நேரம் நின்றுவிடும். பழைய உபதேசியார் அந்த இடைவெளியில் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, விரல்களை அடுத்த கட்டைக்கு நகர்த்துவார். பிறகு மொத்தச் சபையும் சுருதியை ஒரு கட்டை ஏற்றிப் பாட வேண்டும். "ஏறலைன்னா அது கிறிஸ்மஸ் இல்ல, சாதா ஞாயித்துக்கெழம" என்பார். பசறைப் பக்கத்து மற்றத் தோட்டங்களில் தொடங்கிய சுருதியிலேயே முடித்துவிடுவார்கள் என்பதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

எனக்கு மட்டும் அந்த ஏற்றம் ஒருநாளும் பிடிபட்டதில்லை. ஆர்மோனியம் நின்றதும் நானும் நின்றுவிடுவேன். பக்கத்தில் நிற்கும் மதினி, என் அண்ணன் மனைவி, புதுச் சுருதியைப் பிசகாமல் எடுப்பார். அவர் குரலைப் பிடித்துக்கொண்டு நான் ஏறுவேன். ஏறும்போது முழங்கையால் என் விலாவில் ஓர் இடி இடிப்பார். வெளியே வந்ததும், "ஒன்னைய இழுத்துக்கிட்டு ஏறுறதுக்கு, கொழுந்துக் கூடையோட மலையே ஏறிரலாம் புள்ள" என்று கேலி செய்வார். அந்தக் கேலிக்காகவே வருடம் முழுவதும் காத்திருப்பேன்.

அண்ணன் நெஞ்சுவலியில் போன பிறகு லயத்து வரிசை வீட்டில் நாங்கள் இருவர்தான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்குக் கல்யாணம் அமையவில்லை. பிறகு மதினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். இரண்டு வருட ஒப்பந்தம் என்றுதான் போனார். அது முடிய இன்னொன்று, அதன்பின் இன்னொன்று. ஒவ்வொரு கிறிஸ்மஸ் அன்றும் போனில் அவர் கேட்கும் முதல் கேள்வி, "கடைசிச் சரணத்த எடுத்தியா?" என்பதுதான். இல்லை என்பேன். அந்தச் சரணம் வந்தால் வாயை மூடிக்கொண்டுதான் நிற்பேன். "நான் இல்லாம நீ தேறமாட்ட. அடுத்த வருசம் கட்டாயம் வந்துருவேன்" என்பார். அதைக் கேட்க அவ்வளவு இதமாக இருக்கும். மற்ற நாட்களில் பேச ஆளில்லாமல், ரேடியோவை ஓடவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

போன கிறிஸ்மஸுக்குப் பெண்கள் பக்கம் நாலு பேர்தான். இளசுகள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஆர்மோனியம் போய் கீபோர்ட் வந்திருக்கிறது, ஒரு பொத்தானை அமுக்கினால் சுருதி தானாக ஏறிவிடும். புது உபதேசியார் சின்ன வயதுக்காரர். "ஏத்த வேணாங்க்கா. பாட ஆளில்ல, ஒரே கட்டையில முடிச்சிருவோம்" என்றார். மதினி அன்று, தான் வேலை செய்யும் வீட்டின் சமையலறையிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருந்தார். ஏற்றம் இல்லாத பாட்டை அவர் கேட்பதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. "ஏத்துங்க தம்பி, நான் எடுக்குறேன்" என்று சொல்லிவிட்டேன்.

எப்படி எடுத்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கீபோர்ட் ஏறியது, வாயைத் திறந்தேன், குரல் சரியான இடத்தில் போய் நின்றது. மற்றவர்களும் பின்னால் வருவார்கள் என்று பார்த்தேன். வரவில்லை. சரணம் முழுவதையும் தனியாகவே பாடி முடித்தேன். ஆராதனை முடிந்ததும் வாசலுக்கு ஓடிப்போய்ப் போனைக் காதில் வைத்தேன்.

"பிசகாம எடுத்துட்டியே புள்ள" என்றார் மதினி. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இந்த வீட்டம்மா இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்றாங்க. ஒன்னைய நெனச்சுத்தான் பதில் சொல்லாம இருந்தேன். இனிமே எனக்குக் கவலையில்ல."

வந்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். "சரிங்க மதினி, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றுதான் வந்தது.

இந்த வருடமும் கடைசிச் சரணம் எனக்குத்தான் என்று உபதேசியார் இப்போதே சொல்லிவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாம் என் குரலைப் பாராட்டுகிறார்கள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மதினி வந்திருப்பார்.