தொனினோவின் சிவப்பு வைனும் நான் இறுக்கிப் பூட்டிய போத்தலும்

என் கணவரோடு வேலை செய்யும் தொனினோ இத்தாலிக்காரர். ஒவ்வொரு செப்டெம்பரும் தஸ்கனியிலிருந்து லொறியில் முந்திரிகைப்பழம், அதாவது திராட்சை, வருவித்து, வீட்டுத் தேவைக்குக் கராஜிலேயே சிவப்பு வைன் செய்கிறார். மூன்று வருடமாகக் கூப்பிட்டார். வைன் இருக்கிற இடத்துக்கு மூன்று வயது மகள் நிலாவோடு போவதா என்று நான்தான் தள்ளிப்போட்டேன். போன சனிக்கிழமை ஒருவழியாகப் போனோம்.

கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து காலை 9.20க்குப் புறப்பட்டு, ரைன் ஆற்றைக் கடந்து, லாண்டவ் பக்கத்துக் கிராமத்துக்கு 41 கிலோமீற்றர். 10.15க்குச் சேர்ந்தோம். (பிள்ளை ஒருதரம் குமட்டிச் சத்தி எடுத்தாள், இல்லாவிட்டால் பத்து நிமிடம் குறையும்.)

தொனினோ ஒரு கறுத்த பழத்தைப் பிதுக்கிக் காட்டினார். சாறு வெளிறியிருந்தது! நிறம் முழுக்கத் தோலில்தானாம். நசித்த பழத்தைத் தோல், விதையோடு பத்து நாள் தொட்டியில் புளிக்கவிட்டு, மிதந்து வரும் தோலை நாளுக்கு இரண்டு முறை அமுக்குகிறார். பிறகு பிழிந்து, ஒரு வருடம் பீப்பாவில். போன வருடத்து வைனில் இரண்டு மிடறு குடித்தேன். முதலில் புளிச் செர்ரி, பின்னால் ஆறிய, பால் விடாத சாயத்தேநீர் போல நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. தக்காளி சோஸ் உணவோடு குடித்தால் அந்தப் புளிப்பு அப்படியே அடங்கிவிடுகிறது.

வெளிக்கிடும்போது இன்னொரு தொட்டியின் குழாயைத் திறந்து, "ஸூஸர்!" என்று ஒரு குவளை நீட்டினார். ஜெர்மனில் 'இனிப்பானது'. பழச்சாறாக்கும் என்று நிலாவின் போத்தலில் ஊற்றி, காரில் சிந்தக்கூடாதென்று மூடியைப் பலம்கொண்ட மட்டும் இறுக்கினேன்.

பாதி வழியில், "அம்மா, தாகம்."

"பொறு குஞ்சு, தாறன்." மூடி அசையவில்லை. "இஞ்சாருங்கோ, திறக்க ஏலாமல் கிடக்கு."

"நீர் பூட்டினதை ஆர் திறக்கிறது?" ஓரமாகக் காரை நிறுத்தி, என் கணவர் திருகினார்.

டப்! அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு நுரை. விரலை நக்கிப் பார்த்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். "என்னப்பா, புளிக்காத கருப்பணி எண்டு நினைச்சுக் கள்ளையெல்லோ நிரப்பிப்போட்டீர்!"

நான் போத்தலைப் பறித்துத் தூர வைத்தேன். நிலா கைதட்டினாள். "அப்பா, இன்னொருக்கா!"

தொனினோவுக்கு டெலிபோன் அடித்தோம். இந்தப் பக்கத்தில் 'ஸூஸர்' என்றால் பாதி புளித்த புது வைனாம். "மூடியைப் பூட்டினீர்களா? அது மூச்சு விட வேணுமே!" என்று அலறினார்.

இலையுதிர் காலத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: வழியெங்கும் இது விற்கிறார்கள், லீற்றர் ஐந்து யூரோ வரும். மூடியைத் தளர்த்தி, நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். பிள்ளைக்கென்றால் 'ஸாஃப்ட்' என்று கேளுங்கள்; அதுதான் சாறு.

"எல்லாத்துக்கும் பயம் உமக்கு" என்று இவர் தினமும் சொல்வார். சனிக்கிழமைக்குப் பிறகு சொல்லவில்லை. நிலாவைக் குடிக்கவிடாமல் அந்த மூடியை இறுக்கியது என் பயம்தானே.