நைட்ரஜன் அக்கா

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க நகராமல் நிற்கும் இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அதன் ஓரத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூலில் சிலுவையம்மாள். வயது நாற்பத்திமூன்று. கார் டயருக்கு நைட்ரஜன் ஏற்றுவது அவள் வேலை. ‘நைட்ரஜன் அக்கா’ என்றால்தான் அந்த வட்டாரத்து டிரைவர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் ரிஜிஸ்தரோடு சரி.

நாம் விடுகிற மூச்சில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன்தான். அந்த மெஷின் வெளிக்காற்றை உறிஞ்சி, மற்றதைக் கழித்துவிட்டு, நைட்ரஜனை மட்டும் டயருக்குள் அனுப்புகிறது. சும்மா கிடந்த காற்றைச் சலித்து விற்கிறார்கள், நாமும் வரிசையில் நின்று வாங்குகிறோம். டயர் சூடாகாது, காற்று சீக்கிரம் இறங்காது என்று போர்டு சொல்கிறது. மைலேஜ் கூடுமா என்று கேட்டால் சிலுவையம்மாள், “எழுதி கீது, பாத்துக்கோ” என்பாள். அதற்கு மேல் சிபாரிசு செய்ய அவளுக்கு மனசு கிடையாது.

வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மூடியைக் கழற்றி, பழைய காற்றை இறக்கி, குழாயை மாட்டி, முப்பத்திமூன்று என்று தட்டினால் மெஷினே ஏற்றிவிட்டுக் கூவும். கடைசியில் கறுப்பு மூடிக்குப் பதிலாகப் பச்சை மூடி போடுவாள். நைட்ரஜனைக் கண்ணால் பார்க்க முடியாது, மோந்தாலும் தெரியாது. அதனால் அடுத்தவனுக்கு அடையாளம் சொல்ல அந்தப் பச்சை மூடி.

அவள் புருஷன் ஜார்ஜைக் கொன்றதும் அதே நைட்ரஜன்தான்.

வேலைக்குச் சேரும்போது அவளுக்கு அது தெரியாது. மணலிப் பக்கத்து ஆலை ஒன்றில், டேங்க் கழுவும் கான்ட்ராக்ட் வேலையில் ஜார்ஜ் செத்தபோது, ‘கேஸ் அடிச்சிருச்சு’ என்று மட்டும்தான் வீட்டுக்குச் சொன்னார்கள். கெமிஸ்ட்ரி படிக்கும் மகள் சாண்ட்ரா ஒருநாள் மதியச் சோறு கொண்டுவந்து கொடுத்தவள், போர்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். டேங்குக்குள் தீப்பிடிக்காமல் இருக்க நைட்ரஜன் ஏற்றி வைப்பார்கள், அப்பா போனது அதனால்தான் என்று வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். “அப்டியா” என்றாள் சிலுவையம்மாள். மறுநாள் எப்போதும்போல வேலைக்குப் போனாள். விஷயம் கேள்விப்பட்ட மேனேஜர் சௌக்கத் அலி, பெட்ரோல் போடும் பக்கம் மாற்றிவிடட்டுமா என்று கேட்டார். “வேணாம் பாய், இங்க நெழலு கீது” என்றுவிட்டாள்.

அடக்கத்தன்றும் அவள் அழவில்லை. குழிக்கு மண் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நாத்தனார், “பாறாங்கல்லு” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப் போகிறது? அவளுக்குத் துக்கம் வரவில்லை என்பது நிஜம். மூன்று வருஷமாகச் சோறு ருசிக்கவில்லை, பண்டிகை பண்டிகையாக இல்லை, யார் என்ன சொன்னாலும் அடுத்த தெருவில் பேசுகிற மாதிரிதான் கேட்டது. ஒரே ஒரு கேள்வி மட்டும் உள்ளே உயிரோடு இருந்தது.

ஜார்ஜ் எண்ணூர் முகத்துவாரத்தில் பிறந்தவன். பாலத்துத் தூண்களில் ஒட்டியிருக்கும் ஆளிச்சிப்பியைத் தண்ணீருக்குள் முங்கிப் பெயர்த்து எடுப்பான். கரையில் நிற்பவன் ஒரு பீடியைப் பாதி குடித்து முடித்த பிறகுதான் தலை வெளியே வரும். கழிமுகத்தில் பிழைப்பு கெட்ட பிறகே ஆலைக்குப் போனான். அப்படி மூச்சடக்குகிற மனுஷன், ஆள் உயர டேங்குக்குள் மூச்சு முட்டிச் செத்தான் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். மூச்சு முட்டுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதுசில் ஒருமுறை தண்ணீருக்கடியில் வலையில் கால் சிக்கி, விழி பிதுங்கி, நகமெல்லாம் ரத்தமாக மேலே வந்தவனைப் பார்த்திருக்கிறாள். கண்ணை மூடினால் அந்த முகம்தான். டேங்க் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருப்பான்.

அவன் துடித்தானா என்று சொல்லக்கூடியவன் ஒருத்தன்தான் இருந்தான். வியாசர்பாடிப் பாரி, ஜார்ஜோடு வேலை செய்தவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அவள் வைத்த நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவான். அன்றைக்கு டேங்க் வாயில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். அடக்கத்துக்கு வரவில்லை. போன் நம்பரையும் மாற்றிவிட்டான்.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல உச்சி வெயிலில், வெள்ளை டாக்சி ஒன்று வந்து நின்றது.

“அக்கா, சாதா காத்து இல்லியா?”

“அந்த மெஷினு ரிப்பேரு. நைட்ரஜன்தான்.”

“அது வேணாம்” என்று தலையை வெளியே நீட்டியவன் அவளைப் பார்த்துவிட்டான். பாரிதான். இளைத்திருந்தான். வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தான். அதற்குள் ஒரு வேன் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

“எறங்கு பாரி. டயரு படுத்துகினு கீது, இத்தோட ரோட்டுக்குப் போவாத.”

இறங்கினான். முதல் டயரை முடித்தாள். இரண்டாவதற்குக் குழாயை மாட்டிவிட்டு, மெஷினில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அவரு துடிச்சாரா?”

பாரி கைக்குட்டையால் முகத்தை ஒரு முறைக்கு மூன்று முறை துடைத்தான்.

“இல்ல அண்ணி.”

“எனுக்காவச் சொல்லாத.”

“சத்தியமா அண்ணி. ஒடிசாப் பையன் ஒர்த்தன் மொதல்ல எறங்கி உள்ள வுய்ந்துட்டான். நாங்க கத்தறோம், அசையல. நான் ஆபீஸுக்குப் போன் போட்டேன். அண்ணாத்ததான், ‘அவனுங்க வர்றதுக்குள்ள இவன் போய்டுவான், நானு மூச்சு அடக்கத் தெரிஞ்சவன்டா’ன்னு சொல்ட்டு, மூச்ச இஸ்துகினு குதிச்சிட்டாரு.”

“அப்பறம்?”

“அதே மாரி அடக்கிகினு அவன் இடுப்புல கயிறு கட்னாரு. நான் இஸ்த்தேன். பையன் பாதி மேல வந்துட்டான். அப்ப அண்ணாத்த மூச்ச வுட்டுட்டு, நல்லா இஸ்து ஒரு மூச்சு எட்த்தாரு. எட்த்துட்டு சிரிச்சாரு அண்ணி.”

சிலுவையம்மாள் மெஷினிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“டேய், உள்ள காத்து நல்லாத்தான் கீது, நீ அவன மொதல்ல பதமா படுக்க வையின்னாரு. நானும் அவசரப்படல. பையனத் தூக்கி, சட்டையக் கழட்டி, தண்ணி தெளிச்சு... அப்பறம் எட்டிப் பாத்தேன். சொவுத்துல சாஞ்சு, கால நீட்டி குந்திகினு இருந்தாரு. இளைப்பார்றாருன்னு நெனச்சேன் அண்ணி. அண்ணாத்த, கயிறு வுடட்டுமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன்.”

தண்ணீருக்குள் மூச்சு தீர்ந்தால் உடம்பே கத்தும், மேலே ஓடு என்று விரட்டும். நைட்ரஜன் அப்படி எதுவும் செய்யாது. மூச்சு வரும், போகும், எந்தக் குறையும் தெரியாது, இரண்டாவது மூச்சில் ஆள் காலி. இதைப் பிறகு ஒரு டாக்டர் பாரியிடம் சொல்லியிருக்கிறார். முங்கிப் பழகிய ஜார்ஜுக்கு நெஞ்சு எரியாத காற்று நல்ல காற்று. அந்தக் கணக்கில்தான் அவன் மூச்சை இழுத்திருக்கிறான்.

“அவரு சொன்னத நம்பி நின்ட்டேன் அண்ணி. ஒடனே கயிறு வுட்ருந்தா... இத்த உன்னாண்ட எப்டி வந்து சொல்றது? அதான் வரல.”

வேன்காரன் ஹாரன் அடித்தான். அவள் மூன்றாவது டயருக்குப் போய்க் குந்தினாள். மூடியைக் கழற்றினாள். இரண்டு முறை கழன்று விழுந்த குழாயை மூன்றாவது முறை மாட்டினாள்.

“அவரு சொல்லியிருந்தா நானும் நம்பித்தான் நின்னுருப்பேன்” என்றாள்.

பாரி அங்கேயே, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. கோபமா என்றால் கோபமும் இல்லை. மூன்று வருஷமாக அவள் கண்ணுக்குள் டேங்க் சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் துடிக்காமல் போயிருக்க வேண்டும் என்றுதானே ஆண்டவரிடம் கேட்டாள்? கொடுத்துவிட்டார். ஸ்தோத்திரம் சொல்ல வேண்டியதுதான். நெஞ்சு ஏன் இப்போது போய் வலிக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

நாலாவது டயருக்கும் பச்சை மூடியைப் போட்டு முறுக்கிவிட்டு எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

“சாவப் போறோம்னு அவருக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரியாது அண்ணி. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது.”

“நல்லது” என்றாள். குழாயைச் சுருட்டி மெஷினில் மாட்டினாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்ப என் நெனப்புகூட வந்திருக்காது, இல்ல?”