முந்திக் கொடுத்த நன்றி

பேர்ணடெற்றுக்குக் காலில் சக்கரம் என்று கந்தோரில் கேலி செய்வார்கள். பம்பலப்பிட்டியில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் பதினெட்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். ஒரு கடிதத்தை அடித்து முடிப்பதற்குள் மூன்று தரம் எழுந்து யன்னலடிக்குப் போய் வருவாள். யன்னலுக்கு வெளியே காலி வீதியையும் பஸ்களையும் தவிர ஒன்றுமில்லை என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் போவாள். 1997 பெப்ரவரியில் ஒரு விடியற்காலை, வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டி அவர்கள் குடியிருந்த அனெக்ஸுக்குப் பொலிஸ் வந்து கணவனைக் கூட்டிக்கொண்டு போன நாளில் பிடித்த வியாதி அது.

கணவன் சிவபாதசுந்தரம், மருதானையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். சைவக்காரர். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண்ணைக் கட்டியதைத் தவிர, வாழ்க்கையில் துணிந்து அவர் வேறொன்றும் செய்ததில்லை. ஆனால் அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் வல்வெட்டித்துறை என்று இருந்தது. இயக்கத் தலைவர் பிறந்த அந்த ஊரின் பெயர் அட்டையில் இருந்தால் அந்தக் காலத்துக் கொழும்பில் வேறு குற்றம் தேவையில்லை. மூன்று மாதத் தடுப்பு உத்தரவு போட்டு உள்ளே வைத்தார்கள். அது முடிய இன்னொரு மூன்று மாதம் போட்டார்கள்.

பேர்ணடெற் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. லோயர் மக்கீனைப் பிடித்தாள். அதைவிட மும்முரமாக வானத்தைப் பிடித்தாள். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் பதின்மூன்று வாரம். முதல் வெள்ளிகளில் உபவாசம். மீன் தொடுவதில்லை என்று ஒரு நேர்த்தி, தேத்தண்ணிக்குச் சீனி போடுவதில்லை என்று இன்னொரு நேர்த்தி. அவர் சைவம் என்பதால், எதற்கும் இருக்கட்டும் என்று, பக்கத்து வீட்டு அருந்ததியிடம் சொல்லி ஜிந்துப்பிட்டி முருகனுக்கும் ஓர் அர்ச்சனை செய்வித்தாள். எந்தக் காரியத்துக்கு எந்தப் புனிதரைப் பார்க்க வேண்டும், யாரை முதலில் பார்த்தால் யார் கோபிக்கமாட்டார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அரசாங்கக் கந்தோருக்கு ஏறி இறங்குவது மாதிரித்தான் அவள் மோட்சத்துக்கும் ஏறி இறங்கினாள். அதை விசுவாசம் என்று அவளே நம்பிக்கொண்டிருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

இத்தனை நேர்த்திகளிலும் பெரிய நேர்த்தி கொட்டாஞ்சேனையில் இருந்தது. அவள் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் புதன்கிழமை பின்னேரங்களில் மாதாவுக்கு நவநாள் செபம். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வரம் கேட்பவர்கள் விண்ணப்பம் எழுதிப் போடுவார்கள். வரம் கிடைத்தவர்கள் நன்றிக் கடிதம் எழுதிப் போடுவார்கள். மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்து, ஐந்தரை மணி நவநாளில் கடிதங்களைச் சபைக்கு வாசித்துக் காட்டுவார்கள். யாரும் சொந்தப் பெயர் எழுதுவதில்லை. ‘ஒரு தாய்’, ‘கவலையுள்ள ஒரு மனைவி’ என்று எழுதுவார்கள். சண்டைக் காலத்தில் அந்தக் கவனம் இன்னும் கூடியிருந்தது. சபைக்குள் யார் யார் இருப்பார்கள், கேட்டதைக் கொண்டுபோய் யாரிடம் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? பேர்ணடெற் வைத்த நேர்த்தி இதுதான்: மனிசன் வெளியில் வந்தால் ஒளிக்காமல் மறைக்காமல் அவருடைய முழுப் பெயரையும் எழுதி நன்றி சொல்லுவேன்.

இன்னொரு காரியமும் இருந்தது. அதை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பரலோக மந்திரம் சொல்லும்போது ‘உமது சித்தம்’ போல நடக்கட்டும் என்று வருகிற அந்த ஒரு வரியை மட்டும் அவள் பெப்ரவரியிலிருந்து சொல்வதில்லை. வாயை அசைப்பாள், சத்தம் வராது. அந்த வரியைச் சொன்னால், ‘சரி, இவள் சம்மதித்துவிட்டாள்’ என்று ஆண்டவர் அவரை உள்ளேயே வைத்துவிடுவார் என்று பயம். ஆறு மாதமாக ஆண்டவருக்கு அந்தக் கையெழுத்தைக் கொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

ஓகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கந்தோர் ரெலிபோனில் மக்கீன் வந்தார்.

“மிஸிஸ், ரிலீஸ் ஓடர் ஸைனாகிட்டு. பேரக் கண்ணால பாத்தன். நாளைக்கி மனிசன் ஊட்டுல இரிப்பார்.”

பேர்ணடெற் கதிரையில் இருக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தாள். கந்தோர்க் காகிதத்திலேயே நன்றிக் கடிதத்தை எழுதினாள். நாளை வந்த பிறகு எழுதலாமே என்று ஒரு கணம் தோன்றியதுதான். ஆனால் இன்றைக்குப் புதன். விட்டால் ஒரு வாரம் கடனாளியாக நிற்க வேண்டும். அதற்குள் மாதா மனம் மாறிவிட்டால்? பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு மணிக்குக் கடிதத்தைப் பெட்டியில் போட்டாள். திரும்பும் வழியில் வெள்ளவத்தை மார்க்கெட்டில் பாரை மீன் வாங்கினாள். நேர்த்திதான் முடிந்துவிட்டதே. வீட்டில் அவருடைய சேர்ட்டுகளைத் தோய்த்துக் காயப் போட்டாள், கட்டிலை இழுத்துக் கூட்டினாள், குழம்பை அடுப்பில் வைத்தாள்.

மூன்றரைக்கு வீட்டுக்காரம்மா வந்து, லோயர் ரெலிபோனில் நிற்கிறார் என்று கூப்பிட்டார்.

“மிஸிஸ், மன்னிச்சிக்கோங்க. அது வேற ஆள். பேர் ஒண்டுதான், வாப்பாட பேர் வேற. நான் அதப் பாத்தீக்கணும். உங்கட மனிசனுக்கு இன்னும் மூணு மாசம் போட்டீக்கி.”

பேர்ணடெற் நன்றி என்று சொல்லி ரெலிபோனை வைத்தாள். எதற்கு நன்றி சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் பெட்டியில் போட்ட கடிதம் ஞாபகம் வந்தது. நடக்காத காரியத்துக்கு மாதாவிடம் நன்றி சொல்லியாகிவிட்டது. கிடைக்காத வரத்தைக் கிடைத்தது என்று முழுப் பெயரோடு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஐந்தரைக்கு அதைச் சபைக்கு முன்னால் வாசிப்பார்கள். இனி எந்த முகத்தோடு அதையே திரும்பக் கேட்பது? தந்தாயிற்றென்று நீயே சொல்லிவிட்டாயே என்று மாதா கேட்டால்? தன் அவசரத்தால் மனிசனைத் தானே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதாக அவளுக்குப் பட்டது. காயப் போட்ட சேர்ட்டுகளை அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

கோட்டைக்குப் போகும் ரயிலில் இருக்க இடம் இருந்தும் அவள் இருக்கவில்லை. கதவடியில் நின்றாள். கடல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கவும் ஆத்திரமாக இருந்தது. யாரோ ஒருத்தி, எங்கேயோ, நாளைக்குத் தன் புருஷனுக்குச் சோறு போடப் போகிறாள். அவள் பதின்மூன்று செவ்வாய் போனாளா? சீனியை விட்டாளா? எனக்கு வர வேண்டியதை எடுத்து அவளுக்குக் கொடுத்தது எந்த ஊர் நியாயம்? பேர்ணடெற் ஆண்டவரோடு வாய்க்குள்ளேயே சண்டை போட்டாள். கொம்பனித்தெரு தாண்டும்போது சத்தமும் வந்துவிட்டது போலும், பக்கத்தில் நின்ற மனுஷி தள்ளி நின்றாள்.

கோட்டையிலிருந்து பஸ். அதையும் வழியில் மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். வரிசையில் நின்று அடையாள அட்டையை நீட்டினாள். ஆமிக்காரன் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, எங்கே போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டான்.

“கொஹெத யன்னே?”

“பல்லியட்ட, மஹத்தயா.”

கோயிலுக்கு என்றதும் கையைக் காட்டி விட்டுவிட்டான். பஸ் வெளிக்கிடும் வரை பொறுக்காமல் அவள் மிச்சத் தூரத்தை நடந்தாள். அதை நடை என்று சொல்ல முடியாது.

ஐந்தே கால். பீடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் நேசமலர் ரீச்சர் கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கடிதம் வாசிக்கும் வேலையை எடுத்துக்கொண்டவர். வகுப்பில் பிந்தி வந்த பிள்ளையைப் பார்ப்பது போல மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“ரீச்சர், நான் போட்ட நன்றிக் கடிதத்தைத் தாங்கோ. அது பிழை. அவரை விடேல்லை.”

ரீச்சர் அடுக்கைப் புரட்டினார். “சிவபாதசுந்தரம் எண்டு முழுப் பேரும் எழுதினது நீதானோ? வாசிக்கிறதோ விடுறதோ எண்டு நானும் யோசிச்சனான். இந்தா. என்ன நடந்தது?”

“விட்டது வேற சிவபாதசுந்தரத்தை. லோயருக்குப் பேர் மாறிப்போச்சு.”

“ஐயோ பிள்ளை,” என்றார் ரீச்சர். மேசையில் கிடந்த குண்டூசிகளைச் சேர்த்தார். வெளியே சனம் பாடத் தொடங்கிவிட்டது.

பேர்ணடெற் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தாள். கிழிக்கும் முன் கண் எழுத்தில் போய் விழுந்தது. ‘சிறையில் இருந்த சிவபாதசுந்தரம் விடுதலையாகி வீட்டுக்கு வருகிறார். தாயே, உமக்கு நன்றி.’ அவ்வளவுதான் எழுதியிருந்தாள். இரண்டாம் முறையும் வாசித்தாள். இதில் எது பொய்? சிவபாதசுந்தரம் விடுதலையானது உண்மை. வீட்டுக்கு வருவதும் உண்மை. நாளைக்கு அந்த வீட்டில் ஒருத்தி கதவைத் திறப்பாள். வாசலில் நிற்கிறவனைக் கண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பாள். அந்த முகம் எப்படி இருக்கும் என்று கொழும்பிலேயே பேர்ணடெற்றை விட நன்றாக யாருக்குத் தெரியும்? அந்த முகத்தை இன்று காலை பத்து மணியிலிருந்து மூன்றரை வரை அவளே வைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு அது பறிபோகாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் அழுகை வந்தது. பொறாமையும் போய்விடவில்லை, இரண்டும் சேர்ந்தே வந்தன.

கடிதத்தைத் திரும்ப நீட்டினாள்.

“வாசியுங்கோ, ரீச்சர்.”

“பிழை எண்டல்லோ சொன்னனீ?”

“பிழை இல்லை. ஆள்தான் வேற.”

ரீச்சர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டுக் கடிதத்தை அடுக்கின் மேலே வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

கோயில் நிறைந்திருந்தது. பேர்ணடெற் பின்வரிசையில் முழந்தாளிட்டாள். ரீச்சர் வாசித்தார், முழுப் பெயரையும் விடாமல். ‘நன்றி தாயே’ என்று சனம் ஒரே குரலில் சொன்னது. அந்தப் பெண் யார் என்று தெரியாது, அவள் கத்தோலிக்கமா சைவமா என்றும் தெரியாது. அவளுக்காக ஐந்நூறு பேர் நன்றி சொன்னார்கள், பேர்ணடெற்றும் சொன்னாள். பெப்ரவரிக்குப் பிறகு அவள் ஒன்றும் கேளாமல் முழந்தாளில் இருந்தது அந்தச் சில நிமிடம்தான். கொடுக்கவும் கையில் ஒன்றும் மிச்சமில்லை. மீன் நேர்த்தியும் குழம்புச் சட்டியோடு போய்விட்டது.

பிறகு பரலோக மந்திரம் வந்தது. அந்த வரி நெருங்க நெருங்க அவளுக்கு வேர்த்தது. பக்கத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டு போனார்கள். அவளும் சொன்னாள், ‘உமது சித்தம்’ என்று. ஆண்டவர் அவரை உள்ளே வைக்கத்தான் போகிறார் என்றால் இந்த வரியைச் சொல்லாமல் விட்டு அவரைத் தடுக்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. உள்ளேயும் அவரோடு ஆண்டவர்தான் இருக்க வேண்டும். தான் அங்கே இருக்க முடியாதே. ஆகவே சொன்னாள். உடனே மனம் அமைதி அடைந்துவிட்டது என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அப்படி நடக்கவில்லை. அன்றைக்கும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் நின்றுகொண்டுதான் போனாள்.

வெள்ளிக்கிழமை சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சிவபாதசுந்தரம் வந்து நின்றார். இன்னும் மெலிந்திருந்தார். அவள் மெதுவாகத் தொடங்கினாள்.

“உங்கட பேரில ஒரு ஆளை விட்டிட்டாங்களாம்.”

“தெரியும். எனக்குப் பக்கத்துப் பாயில படுத்தவன். சின்னச் சிவம் எண்டு கூப்பிடுவம். பேர் கூப்பிடேக்க ரெண்டு பேரும் எழும்பினனாங்கள். தகப்பன்ர பேரைச் சொன்ன உடனை நான் இருந்திட்டன்.”

அவள் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவருடைய முகம் எப்படிப் போகும் என்று பயந்துகொண்டே சொன்னாள். மாதாவோடு அவள் பேசும் பேரங்களைப் பற்றி எப்போதும் பகிடி விடுகிற மனிசன். இம்முறை பகிடி விடவில்லை. வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு நின்றார்.

“அவன் உள்ளுக்கு வந்த பிறகுதான் அவனுக்குப் பிள்ளை பிறந்தது. இவ்வளவு நாளும் முகம் பாக்கேல்லை,” என்றார். “நல்ல வேலை செய்தனீர்.”

அவரை விட்டது அடுத்த வருடம் ஒக்டோபரில். இடையில் பேர்ணடெற் புதன்கிழமை தவறியதில்லை. புது நேர்த்தி ஒன்றும் வைக்கவும் இல்லை. அந்த வரியை ஒவ்வொரு முறையும் சொன்னாள். சில வாரம் நம்பிச் சொன்னாள், சில வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கந்தோர் யன்னலுக்குப் போவது கடைசிவரை நிற்கவில்லை.

அவர் வெளியில் வந்த முதல் புதன்கிழமை, கூப்பிடாமலே அவரும் கொட்டாஞ்சேனைக்கு வெளிக்கிட்டார். கோயில் வாசலில் மரப்பெட்டியைக் கண்டு நின்றார்.

“பெட்டி இதுவோ?”

“ஓம்.”

“என்னை விட்டதுக்கு நன்றிக் கடிதம் எழுதேல்லையோ?”

“எழுதியாச்சு. போன வருசமே குடுத்திட்டன்.”

பிழை திருத்துகிறவர் பெட்டியின் வாயில் விரலை வைத்துப் பார்த்தார்.

“பேர் பிழையில்லைத்தானே?”

“பிழையில்லை,” என்றாள் பேர்ணடெற். “வாங்கோ, உள்ளுக்குப் போய் இருப்பம்.”