ஜனவரியில் சொன்ன சாட்சியைத் திருத்திச் சொல்கிறேன்

1999 ஏப்ரலில் என் கண் இரண்டும் மஞ்சளாகிவிட்டன. மூன்று நாளாக வாந்தி. ஆர்.எஸ்.புரத்தில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள் நான், ஊசியில் நூல் கோக்கக்கூடக் கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "ஆண்டவரே, என்னைக் கைவிட்டுவிட்டீரா" என்று படுத்தபடி அழுதேன். அப்படிக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதை இனிமேல்தான் சொல்லப்போகிறேன்.

எனக்கு ஈரலில் பி வகைக் கிருமி. மற்றவர்களுக்குக் காமாலையாக வந்து போய்விடுவது, எனக்கு உடம்பிலேயே தங்கிவிட்டது. அதை அடக்கி வைக்க அப்போதுதான் ஒரு புது மாத்திரை வந்திருந்தது. 1998 ஜூனில் டாக்டர் ஆரம்பித்தார். தினம் ஒன்று. டிசம்பரில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரல் நல்லா இருக்குதுங்க. ஆனா நானாச் சொல்ற வரைக்கும் மாத்திரைய நிறுத்திப்போடாதீங்க" என்றார். முதலில் சொன்னது மட்டும் என் காதில் ஏறியது.

ஜனவரி முதல் ஞாயிறு, இதே சபையில், இதே மைக்கைப் பிடித்து, "மாத்திரையை விட்டுவிட்டேன், ஆண்டவர் என்னைப் பூரணமாகச் சுகமாக்கினார்" என்று சாட்சி சொன்னேன். உண்மையில் அன்று காலையில்கூட மாத்திரை சாப்பிட்டிருந்தேன். பேச்சு வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். சொன்னதை மெய்யாக்க வேண்டுமே என்று மறுநாளிலிருந்து மாத்திரையை நிறுத்தினேன். பாஸ்டர் நிறுத்தச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. விசுவாசம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டது வெறும் வீம்பு.

என் வீட்டுக்காரர் சபைக்கு வராதவர். பெருந்துறையில் ஒரு கம்பெனியில் வேலை. மாதாமாதம் மறக்காமல் மாத்திரை வாங்கி வருவார். நான் அதைத் தையல் மெசின் டிராயரில் போட்டு மூடிவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டதே அதைத்தான். "மாத்திரை நடுவுல விட்டுப்போச்சுங்களா?"

"இல்லீங்க" என்றேன். பக்கத்தில் நின்ற வீட்டுக்காரரும், "தவறாமச் சாப்புடுறாளுங்க" என்றார்.

"அப்படீன்னா கிருமி மருந்துக்குப் பழகிருச்சாட்ட இருக்குதுங்க. சில பேருக்கு அப்படி ஆகும். அப்புறம் அந்த மாத்திரை கேக்காது. மாத்திக் குடுக்க வேற மாத்திரை இன்னும் வரலீங்க. ஊசி ஒண்ணு இருக்குது. ஈரல் இந்த நெலமைல அதைத் தாங்குமான்னு தெரியல. ரெண்டு நாள் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்த இரண்டு நாளும் ஜெபித்தேன். சுகம் கேட்டேன், பொய்யைப் பற்றி மூச்சு விடவில்லை.

இரண்டாம் நாள் மதியம் நம் சபை எஸ்தர் அக்கா பார்க்க வந்தார். சர்க்கரை நோய்க்காரர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத கண்ணு. உன்ற சாட்சியக் கேட்டுப்போட்டுத்தான் நானும் சக்கர மாத்திரைய நிறுத்துனேன்" என்றார். அவர் பாதத்தில் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது.

அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடி, "ஆண்டவரே, சுகம் அப்புறம் இருக்கட்டும். உண்மையைச் சொல்ல இப்போதே என் வாயைத் திறந்துவிடும்" என்று கேட்டேன். நான் நேர்மையாகச் செய்த முதல் ஜெபம் அதுதான். உடனே பதில் வந்தது. அக்காவிடம் சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "எங்க வெச்சிருக்கற அம்மணி?" என்று மட்டும் கேட்டார். பிரிக்காத அட்டைகளைக் கொண்டுவந்து, மறுநாள் டாக்டர் பார்க்க வந்தபோது அவர் கையில் கொடுத்தார். நான் போர்வையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டேன்.

"இதச் சொல்லாம உட்டிருந்தா ஊசிதான் போட்டிருப்போமுங்க" என்றார் டாக்டர். "கிருமி பழகியிருக்காதுங்க. மருந்து நின்னதுல தலை தூக்கியிருக்குது." அதே மாத்திரையை மறுபடி தொடங்கினார். மே கடைசியில் மஞ்சள் இறங்கியது. ஆகஸ்டில் ஈரல் பழையபடி ஆனது.

எஸ்தர் அக்காவும் அன்றைக்கே மாத்திரைக்குத் திரும்பினார். ஆனாலும் கால் விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டார். அவர் நடந்து வருவதைப் பார்க்கும்போது எனக்குத்தான் இன்னும் தலை நிமிர்வதில்லை.

ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார், அதற்கு ஸ்தோத்திரம். இன்று காலையும் மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டு வேறு யாராவது மருந்தை நிறுத்தியிருந்தால், ஆண்டவரை நம்பி டாக்டரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள். போக வெட்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நானும் கூட வருகிறேன்.